30 அடித் தெரு, குறுக்கு வழியாகப் பறக்கும் வண்டிகள்: கேட் போடுவதா, வேகத்தடை போடுவதா?

வாசல்படி கேட்டது:

வணக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு குடியிருப்புப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெரு 30 அடித் தெரு. ஏறக்குறைய 300 மீட்டர் நீளத்துக்கு வளைவே இல்லாமல் நேராகப் போகும். இரண்டு பக்கமும் தனி வீடுகள், நடுநடுவே சில அடுக்ககங்கள், ஒரு காலி மனை, முனையில் ஒரு மளிகைக்கடை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் குழியும் மேடுமாக இருந்தது, திட்டித் தீர்த்தோம். அப்புறம் வேலை முடிந்து புதுத் தார் போட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

மெயின் ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லோரும் எங்கள் தெருவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை பைக், கார், ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி என்று ஒன்றின் பின்னால் ஒன்று. நேர் தெரு, வழவழப்பான தார், வேறென்ன வேண்டும் அவர்களுக்கு? பக்கத்து வீட்டுப் பெரியம்மா பால் வாங்கிக்கொண்டு வரும்போது ஒரு பைக்கின் கண்ணாடி பையில் மாட்டி இழுத்து, கீழே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. இடித்தவர் நிற்கவே இல்லை. பிள்ளைகள் தெருவில் சைக்கிள் ஓட்டுவது, ஷட்டில் விளையாடுவது எல்லாம் நின்றுபோய்விட்டது.

சங்கக் கூட்டத்தில் மூன்று கட்சி ஆகிவிட்டோம். ஒரு கட்சி, இரண்டு முனையிலும் இரும்பு கேட் போட்டு வாட்ச்மேன் வைக்க வேண்டும் என்கிறது. இன்னொரு கட்சி, ஐந்து வீட்டுக்கு ஒரு வேகத்தடை, நாமே சிமெண்ட் வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறது. மூன்றாவது கட்சிக்குத் தெரு அழகாக இருக்க வேண்டும்: பேவர் பிளாக், பூந்தொட்டி, சுவரில் ஓவியம், இரண்டு பெஞ்ச். சங்கத்தில் கொஞ்சம் பணம் இருக்கிறது, அதை எதில் போடுவது என்பதுதான் சண்டை. உங்கள் தெருவில் உண்மையிலேயே ஏதாவது செய்து பலன் கிடைத்தவர்கள் சொல்லுங்கள். எங்கே போய்க் கேட்பது என்பதையும் சொன்னால் நல்லது.

---

ஓய்வுபெற்ற_ஓவர்சியர்:

முதலில் கேட் விஷயம். வேண்டாம். மனைப்பிரிவு போடும்போதே தெருவை உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருப்பார்கள், அது பொதுத் தெரு. சங்கம் தன்னிஷ்டத்துக்கு அதை மூட முடியாது. யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் உங்கள் கேட்டை ஜே.சி.பி. வந்து பிடுங்கும், பணமும் போய் மானமும் போகும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது சாவி வைத்திருக்கும் வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருப்பான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வேகத்தடை போடலாம், ஆனால் நாமே சிமெண்ட் வாங்கிப் போடும் வேலை வேண்டாம். நம் ஊரில் வேகத்தடை என்ற பெயரில் போடுவது ஒரு அடி அகலத்தில் அரை அடி உயரச் சுவர். அதில் கர்ப்பிணிப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள், தெரியும். இந்திய ரோடு காங்கிரஸ் (சாலை அமைப்புக்கு அளவு வகுக்கும் அமைப்பு, கட்சி இல்லை) விதிப்படி வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். அதாவது பன்னிரண்டு அடி அகலத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, 40-இல் வந்தால் தூக்கிப் போடும். அதுதான் கணக்கு. 40 மீட்டருக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும், கோடு அடிக்க வேண்டும், ராத்திரியில் தெரிய வேண்டும். ஓரத்தில் தண்ணீர் ஓட வழி விட வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் உங்கள் வேகத்தடையே அணைக்கட்டு ஆகிவிடும். அந்த ஓரத்து இடைவெளியில்தான் பைக்காரன் நுழைவான், அதனால் அங்கே ஒரு சின்னத் தூண் நட்டுவிடுவது வழக்கம்.

ஏன் 30-க்குள் வேகம் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்பார்கள். இப்படிச் சொல்லுங்கள். 50-இல் வருகிறவன், குறுக்கே குழந்தை ஓடுவதைப் பார்த்து பிரேக் பிடித்து நிற்பதற்குள் 28 மீட்டர் கடந்துவிடுவான், பாதித் தூரம் அவன் பார்த்து யோசிப்பதிலேயே போய்விடும். 30-இல் வந்தால் 13, 14 மீட்டரில் நின்றுவிடலாம். உங்கள் தெருவில் மனைகள் 30 அடி முகப்பு என்று வைத்தால் மூன்று வீட்டுத் தூரத்துக்கும் ஒன்றரை வீட்டுத் தூரத்துக்கும் உள்ள வித்தியாசம். சென்னைக் காவல்துறையும் 2023 நவம்பரில் அறிவித்த வேக வரம்பில் குடியிருப்புப் பகுதிகளுக்கு எல்லா வண்டிக்கும் 30 என்றுதான் வைத்தது.

எங்கே கேட்பது: வார்டு கவுன்சிலர், வார்டு ஏ.இ. (உதவிப் பொறியாளர்), இரண்டு பேரிடமும் எழுத்து மூலம். உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ஐ ஒட்டிப் பகுதி சபைக் கூட்டம் நடத்தும் வழக்கத்தை 2022-இல் தொடங்கினார்கள், அதில் மனுவை வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள், வாய்மொழியாகப் பேசிவிட்டு வராதீர்கள். சங்கத்துப் பணத்தை நேராகச் செலவு செய்வதைவிட 'நமக்கு நாமே' திட்டத்தில் கட்டுவது புத்திசாலித்தனம். மூன்றில் ஒரு பங்கு நீங்கள் போட்டால் மீதியை அரசு போட்டு வேலையைச் செய்யும். எஸ்டிமேட் அவர்கள் போடுவதால் அளவும் சரியாக வரும், நாளைக்கு யாரும் இடிக்கவும் மாட்டார்கள்.

---

டெலிவரி_தம்பி:

சார், அக்கா, எல்லோருக்கும் வணக்கம். அந்தக் குறுக்கு வழியில் வருகிற ஆளே நான்தான், உங்கள் தெரு இல்லை என்றாலும் அதே மாதிரி பத்துத் தெரு. என் பக்கத்தையும் ஒரு தடவை கேளுங்கள்.

சிக்னலில் நான்கு நிமிடம் நிற்கச் சொல்லும், போனில் மேப் உங்கள் தெருவைக் காட்டும், நாங்கள் போவோம். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. வேகத்தடை வந்தால் பிரேக், தாண்டினால் முறுக்கு, அடுத்தது வரும்வரை இன்னும் வேகமாக, ஏனென்றால் விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டும். ஒன்றே ஒன்றைத் தெரு நடுவில் போட்டால் அந்த வீட்டுக்காரர்களுக்கு ராத்திரி முழுக்க டமால் டமால் சத்தம்தான் மிச்சம்.

எந்தத் தெருவில் நானாகவே மெதுவாகப் போவேன் தெரியுமா? வழி எதிரே முழுசாகத் தெரியாத தெருவில். பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளில் யாரும் 40 போக மாட்டான், அங்கே என்ன போர்டா வைத்திருக்கிறார்கள்? எந்த வாசலிலிருந்து யார் வருவார்கள் என்று தெரியாது, தள்ளுவண்டி நிற்கும், மாடு நிற்கும், கை தானாகவே குறைத்துவிடும். உங்கள் தெரு 300 மீட்டர் ரன்வே மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

இன்னொன்று. பாதி வீடுகளில் நம்பர் தெரியாது. தெரிந்தாலும் பழைய எண் 14, புதிய எண் 27 என்று இருக்கும், ஆர்டரில் எது போட்டிருக்கிறார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதனால் ஒரு கண் போனில், ஒரு கண் கேட்டில், ரோட்டில் கண் இல்லை. தெரு முனையில் எல்லா வீட்டு எண்ணும் போட்டு ஒரு வரைபடப் பலகை வையுங்கள், வீட்டு வாசலில் நல்ல பெரிய எழுத்தில் எண் மாட்டுங்கள். பார்க்கவும் அழகாக இருக்கும், செலவும் கம்மி. கூரியர், கேஸ் சிலிண்டர், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லோரும் உங்களை வாழ்த்துவார்கள்.

---

மாலை_நடை:

டெலிவரி தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாதுகாப்பு என்றால் வண்டி மட்டும்தானா என்று ஒரு கேள்வியும் எனக்கு இருக்கிறது. ராத்திரி எட்டரைக்கு ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்து வரும் பெண்ணுக்கு உங்கள் தெரு எப்படி இருக்கிறது? கூட்டத்தில் யாராவது கேட்டார்களா? கூட்டத்துக்குப் பெண்கள் வந்தார்களா?

எங்கள் தெருவில் (மடிப்பாக்கம் பக்கம்) சங்கத்துப் பெரியவர்கள் செய்த முதல் 'அழகுபடுத்தும்' வேலை, முனையில் இருந்த இஸ்திரி வண்டியையும் பக்கத்தில் இருந்த டீக்கடையையும் அப்புறப்படுத்தியது. இடம் பளிச்சென்று ஆனது உண்மைதான். அதற்கப்புறம் ஏழு மணிக்கு மேல் அந்த முனையில் ஒரு ஆள் இல்லை, ஒரு பல்பு இல்லை. முன்பெல்லாம் இஸ்திரிக்காரரின் மனைவி யார் வந்தாலும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். "என்னம்மா இன்னைக்கு லேட்டு" என்று ஒரு குரல் வரும். அந்த ஒரு குரலுக்கு நான்கு கேமரா ஈடாகாது. கேமரா என்பது சங்கிலி போன பிறகு போலீஸ் ஸ்டேஷனில் போட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது, நினைத்த மாதிரி துரத்த முடியாது என்பதையும் சங்கங்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

விளக்கு பற்றி. நம் தெருவிளக்குகள் வண்டி போகும் நடுத் தெருவுக்காக உயரத்தில் வைத்தவை. மரம் இருந்தால் வெளிச்சம் இலைக்கு மேலேயே நின்றுவிடும், கீழே நடக்கிறவளுக்கு இருட்டு. இதற்காக மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை கம்பத்தைச் சுற்றி இருக்கும் கிளையை மட்டும் கழித்தால் போதும். ராத்திரி ஒன்பது மணிக்கு நாலைந்து பெண்களாகத் தெருவை ஒரு முறை நடந்து பாருங்கள், எந்தக் கம்பத்தின் விளக்கு எரியவில்லை என்று கம்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் (கம்பத்திலேயே பெயிண்டில் எழுதியிருக்கும்). எண்ணோடு புகார் கொடுத்தால் சீக்கிரம் மாற்றுவார்கள். "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் லைன்மேன் வந்து எரிகிற கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தக் காலி மனையையும் கவனியுங்கள். உரிமையாளரைப் பிடித்துச் சீமைக் கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்ய வையுங்கள். பெஞ்ச் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். "பையன்கள் வந்து உட்காருவான்கள்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். உட்காரட்டுமே! பையன்கள், பாட்டிகள், பூக்காரம்மா எல்லோரும் உட்கார்ந்தால்தான் அது தெரு.

---

கோவைக்காரன்:

எல்லோரும் வெளியிலிருந்து வரும் வண்டியையே பேசுகிறீர்கள். வாசல்படி சார், கோபப்படாதீர்கள், ஒரு டேப் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவை அளந்து பாருங்கள். 30 அடி என்றால் 9 மீட்டர் சொச்சம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏற ரேம்ப் என்று மூன்று அடி, நான்கு அடி தெருவுக்குள் நீட்டியிருப்பீர்கள். அதற்குப் பக்கத்தில் கம்பி வேலி போட்டு ஒரு செம்பருத்தி. அதற்கு முன்னால் கார். இது இரண்டு பக்கமும். நடக்கிறவர் எங்கே நடப்பார்? தார் ரோட்டின் நடுவில்தான். பெரியம்மா பால் வாங்கிக்கொண்டு ஓரமாக நடக்க ஒரு ஓரம் இருந்ததா?

2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டம் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று சொல்லிவிட்டது. நடைபாதையில் தடையில்லாத நடக்கும் இடம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது ரோடு காங்கிரஸ் விதி. இரண்டு பேர் எதிரெதிரே இடிக்காமல் போகிற அகலம். உங்கள் தெருவில் அது இல்லாமல் இல்லை, ரேம்ப்புக்கும் காருக்கும் அடியில் இருக்கிறது.

செலவே இல்லாத ஒரு வேலை சொல்கிறேன். எங்கள் பகுதியில் செய்தோம். கார்களை இரண்டு பக்கமும் நிறுத்தாமல் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது, அதிலும் முதல் ஐம்பது மீட்டர் இடது பக்கம், அடுத்த ஐம்பது மீட்டர் வலது பக்கம், மறுபடி இடது. நேர் தெரு அப்படியே பாம்பு மாதிரி வளைந்துவிடும். வருகிறவன் வளைத்து வளைத்து ஓட்டித்தான் ஆக வேண்டும், தம்பி சொன்ன மாதிரி எதிரே முழுசாகத் தெரியாது. கார் இல்லாத பக்கம் நடப்பதற்கு. முதலில் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு, காலி எண்ணெய் டின்னில் மண் நிரப்பி முனைகளில் வைத்தோம். ஏ.இ.யிடம் சொல்லிவிட்டுத்தான். இரண்டு வாரம் பார்த்து, தண்ணீர் லாரி திரும்ப முடியாத ஓர் இடத்தில் கோட்டைத் தள்ளிப் போட்டு, அப்புறம்தான் பெயிண்ட்.

தெரு முனையையும் பாருங்கள். மெயின் ரோட்டிலிருந்து திரும்பும் இடம் அகலமாக வாயைப் பிளந்துகொண்டு இருந்தால் வேகத்தைக் குறைக்காமலே உள்ளே வந்துவிடுவான். இரண்டு மூலையிலும் நடைபாதையைச் சற்று முன்னுக்கு இழுத்து வாயைக் குறுக்கினால், திரும்பும்போதே இருபதுக்கு வந்தாக வேண்டும். குறுக்கே கடக்கும் தூரமும் குறையும். உங்களிடம் இருக்கும் பணத்தை நான் இதில்தான் போடுவேன். பேவர் பிளாக்கில் போடவே மாட்டேன்.

---

வெள்ளைக்கோல்:

பார்வை இல்லாதவன், ஸ்கிரீன் ரீடரில் படிக்கிறேன். 'அழகுக் கட்சி'க்கு ஒரு வேண்டுகோள். பூந்தொட்டிகளை நடக்கும் இடத்தில் வைக்காதீர்கள். என் கோல் தரையில் உள்ளதைச் சொல்லும். இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் போகன்வில்லா முள்ளையும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் பைக்கின் ஹேண்டில்பாரையும், தலை உயரத்தில் சங்கம் மாட்டியிருக்கும் 'இங்கே குப்பை கொட்டாதீர்' தகரப் பலகையையும் சொல்லாது. நெற்றியில் தழும்பு இருக்கிறது.

ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தடங்கல் இல்லாமல் விடுங்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் நடைபாதை யாருக்கும் உதவாது, எல்லோரும் ரோட்டில் இறங்கிவிடுவார்கள், நானும் உட்பட. வடிகால் மூடி உடைந்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால். பேவர் பிளாக் போடுவதானால் அடியில் மணலை நன்றாக இறுக்கி, ஓரத்தில் கல் பதித்துப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே ஒன்று தூக்கும் ஒன்று அமுங்கும்.

---

வாசல்படி:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. வடிகால் மூடி உடைந்த இடம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது, மேலே ஒரு மரப்பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன்.

கோவைக்காரன் சார், ரேம்ப் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் ஆசைப்பட்டு நீட்டவில்லை. வீடு கட்டும்போது தெருவைவிட இரண்டு அடி உயரம் வைத்துக் கட்டினோம். ஒவ்வொரு தடவையும் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டு, இப்போது சில வீட்டு வாசல் தெருவுக்குக் கீழே போய்விட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் மேடு கட்டி, அதன் மேல் கார் ஏற ரேம்ப் போட்டோம். இப்போது அதை இடி என்றால் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும். ஓவர்சியர் ஐயா, இதற்கு ஏதாவது வழி உண்டா?

---

ஓய்வுபெற்ற_ஓவர்சியர்:

நியாயமான கேள்வி. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுத் தார் போட வேண்டும் என்று தலைமைச் செயலர் 2021 மே மாதத்திலேயே எல்லாத் துறைக்கும் உத்தரவு போட்டார். 'மில்லிங்' என்பார்கள். ஒப்பந்தக்காரருக்கு மேலே ஊற்றிவிட்டுப் போவது சுலபம், அதனால் பார்த்துக்கொண்டு நிற்க ஆள் இல்லாத தெருவில் ஊற்றிவிடுவார். அடுத்த தடவை வேலை உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதில் மில்லிங் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை தொடங்கும் அன்று உங்கள் கேட்டின் அடிமட்டத்தை ஈ.பி. கம்பத்தில் ஒரு கோடு போட்டுக் குறித்துவிட்டு, போட்டோ எடுத்து ஏ.இ.க்கு அனுப்பிவிடுங்கள். கோடு தெரிந்தால் ஆள் கொஞ்சம் யோசிப்பான்.

ரேம்ப்பை ஒரே நாளில் இடிக்கச் சொல்லவில்லை. வாசல் மேடு இருக்கட்டும், தண்ணீரைத் தடுப்பது அதுதான். வெளியே நீட்டிய சரிவை முடிந்தவரை கேட்டுக்கு உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் கேட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே ஏழெட்டு அடி இருக்கும், அங்கே சரிவு கொடுத்தால் போதும். இடமே இல்லாத வீட்டுக்கு ஒன்றரை அடிக்கு மிகாமல் வெளியே விடலாம் என்று சங்கத்திலேயே முடிவு செய்யுங்கள். வடிகாலுக்கு மேல் வருகிற ரேம்ப் மட்டும் கழற்றி வைக்கிற மாதிரி இரும்புச் சட்டத்தில் இருக்கட்டும், அடியில் தூர் வார முடியும். மூன்று அடி ரேம்ப்பை வைத்துக்கொண்டு எந்தத் துறையிடம் போய் நடைபாதை கேட்டாலும், "முதலில் உங்கள் ஆக்கிரமிப்பை எடுங்கள்" என்றுதான் பதில் வரும். நானே அந்தப் பதிலைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

---

பூவரசு:

மரம் நடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே? கார் இல்லாத பக்கம் நடப்பதற்கு, கார் நிற்கிற பக்கம் இரண்டு காருக்கு ஒரு மரம் என்று கணக்கு வையுங்கள். மரம் இருக்கும் தெரு கண்ணுக்குக் குறுகலாகத் தெரியும், வண்டி மெதுவாகும், மே மாதத்தில் நிழலும் கிடைக்கும்.

மின்கம்பி போகாத பக்கம் புங்கை, பூவரசு, மகிழம். கம்பிக்கு அடியில் மந்தாரை, சரக்கொன்றை மாதிரி அடக்கமானவை. சிவப்புப் பூ அழகாக இருக்கிறது என்று குல்மோஹர் வைக்காதீர்கள், கிளை சுலபமாக முறியும். 2016 வர்தா புயலில் எங்கள் பகுதியில் கார்களின் மேல் விழுந்து கிடந்ததில் பாதி அதுதான். அடிமரத்தைச் சுற்றி மூன்றுக்கு மூன்று அடி மண் திறந்திருக்க வேண்டும். பேவர் பிளாக் ஒப்பந்தக்காரர் மரத்தின் கழுத்து வரை சிமெண்ட் பூசிவிட்டுப் போவார், அன்றைக்கு ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தில் ஆணி அடித்துப் பலகை மாட்டும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

சுவர் ஓவியத்துக்கு நான் எதிரி இல்லை. சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்த பிறகு, பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் கேமராவோடு போனார்கள். ஆனால் உங்கள் தெருவில் வண்டி வேகத்துக்கு ஓவியம் மருந்து இல்லை. குப்பை கொட்டும் மூலைக்கு வேண்டுமானால் வரையுங்கள், அல்லது தினமும் அங்கே ஒரு கோலம். கோலத்தின் மேல் குப்பை கொட்ட நம் ஆட்கள் கொஞ்சம் தயங்குவார்கள்.

---

மூன்றாவது_வீடு:

இந்தத் திரியை ஒருவர் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நானும் அதே தெருதான். கேட் கட்சியின் தலைவரே நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல்படி யார் என்றும் தெரிந்துவிட்டது, பரவாயில்லை, பேசித் தீர்த்துக்கொள்வோம்.

கேட்டை விட்டுவிடுகிறேன். கம்ப எண், வீட்டு எண், மரம், எல்லாம் சம்மதம். இஸ்திரிக்காரருக்கு என் மதில் ஓரம் இடமும் தருகிறேன். ஆனால் ஒரு பக்கம்தான் கார் என்றால், என் வாசல் கார் இல்லாத பக்கத்தில் விழுந்தால் நான் எங்கே நிறுத்துவது? என் வீட்டில் இரண்டு கார். எதிர்வீட்டில் மூன்று. சொல்லுங்கள் பார்ப்போம். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு சுண்ணாம்புக் கோடு போடச் சொல்வது சுலபம்.

---

கோவைக்காரன்:

சண்டை வரும் இடம் இதுதான், எங்களுக்கும் வந்தது. முதலில் கார்களை எண்ணுங்கள், பகலில் இல்லை, இரவு பதினொரு மணிக்கு. அப்புறம் அடுக்ககங்களின் தரைத்தளத்துக்குள் போய்ப் பாருங்கள். பார்க்கிங் என்று பிளானில் காட்டிய இடத்தில் பழைய கட்டில், உடைந்த வாஷிங் மெஷின், ஜெனரேட்டர், ஓடாத ஸ்கூட்டர் எல்லாம் இருக்கும். எங்கள் தெருவில் அதைக் காலி செய்ததிலேயே கணிசமான கார்கள் உள்ளே போய்விட்டன. துணி மூடி மாசக்கணக்கில் நிற்கும் கார்களையும் தனியாக எண்ணுங்கள், அவர்கள்தான் நியாயமாகத் தெருவை விட வேண்டியவர்கள்.

உங்கள் வாசலிலேயே உங்கள் கார் நிற்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். நாலு வீடு தள்ளி நிற்கும். இரண்டு கார் உள்ளவருக்கு ஒன்று உள்ளே, ஒன்று கோட்டுக்குள் என்று நாங்கள் முடிவு செய்தோம். மூன்று கார்க்காரரிடம் நீங்களே பேசுங்கள் ஐயா, நான் கோவையில் இருக்கிறேன்.

---

மாலை_நடை:

அந்தக் காலி மனையின் உரிமையாளரிடம் மாச வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். கருவேலத்தை அவர் செலவில் வெட்டச் சொல்வதைவிட, நீங்கள் வெட்டிவிட்டு மூன்றாவது, இரண்டாவது கார்களை அங்கே நிறுத்திக்கொள்வதாகச் சொன்னால் சீக்கிரம் ஒத்துக்கொள்வார். ஒரு விளக்கும் போட்டுவிடுங்கள். வாடகையைக் கார் வைத்திருப்பவர்களே பங்கிட்டுக்கொள்ளட்டும், சங்கப் பணத்தைத் தொடாதீர்கள். கார் இல்லாத வீடுகளும் அதற்குச் சந்தா கட்டியிருக்கின்றன.

---

வாசல்படி:

மூன்றாவது வீட்டு அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சுண்ணாம்பு வாங்கி வைக்கிறேன், டேப் உங்களிடம் இருக்கிறது. மனை உரிமையாளர் மேடவாக்கத்தில் இருக்கிறார், போன் நம்பர் மளிகைக்கடையில் கிடைக்கும் என்றார்கள். ஏ.இ. அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை போகிறோம், முடிந்தால் அண்ணியையும் அழைத்து வாருங்கள், பெண்கள் யாரும் இல்லாமல் போனால் இங்கே மறுபடி திட்டு வாங்க வேண்டும்.

---

டெலிவரி_தம்பி:

சார், கோடு போடும்போது தண்ணீர் லாரி, குப்பை வண்டி, ஸ்கூல் வேன் மூன்றும் திரும்புகிற இடத்தை முன்னாலேயே அந்த டிரைவர்களிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம் அந்த எண்ணெய் டின்னில் மேலே வெள்ளை ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ராத்திரி மழையில் கறுப்பு டின் எங்கள் கண்ணுக்குத் தெரியாது.